மஞ்சள் பூசிய துப்பாக்கியோடு தின்கன்ஜூனிலிருந்து டாலா வரை

லெச்சுமி அக்காவின் குரலைக் கேட்கத்தான் நான் ரங்கூன் போனேன். இப்போது யாங்கோன் என்கிறார்கள். எங்கள் ஊரில் இன்னும் ரங்கூன்தான்.

அக்கா என் பெரியப்பா மகள். அறுபதுகளில் என் அப்பா கப்பலேறி மானாமதுரைப் பக்கம் திரும்பி வந்தபோது, பெரியப்பா துறைமுக வேலையை விட மனமில்லாமல் அங்கேயே இருந்துவிட்டார். அதனால் நானும் அக்காவும் உடன்பிறந்தவர்கள் மாதிரிப் பழகியது முழுக்க போனில்தான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் மழை பெய்ததா, கிடாயை என்ன விலைக்குக் கொடுத்தாய், உன் பெண்டாட்டி இன்னுமா உன்னைப் பொறுத்துக்கொண்டிருக்கிறாள் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். போன் சூடாகிக் காதில் வைக்க முடியாமல் போகும்.

போன வருஷம் அவளுக்குக் கழுத்தில் கட்டி வந்து அறுவை செய்தார்கள். கட்டி போனது, குரலும் கூடவே போனது. திரும்பி வரலாம், வராமலும் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தான் மட்டும் பேசினார். "அக்கா பக்கத்துலதான் இருக்கா மச்சான், தலையாட்டுறா" என்பார். போனில் தலையாட்டினால் நான் எதைக் கேட்பது? மழைக்காலம் முழுக்க அப்படியே போனது. ஒரு ஞாயிறு நான் கூப்பிட்டால், உமியில் காற்று அடித்த மாதிரி ஒரு சத்தம். "ஏண்டா மாரி, இப்பத்தான் போன் பண்ணத் தோணுச்சா எருமை?"

நான் ஆட்டுத் தொழுவத்தில் நின்று அழுதேன். தை பிறந்ததும் கிளம்பிவிட்டேன்.

அங்கே சொந்தம் இருந்து, போகலாமா என்று யோசிக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் இருந்தவன் இல்லை. விசாவை மருமகன் கம்ப்யூட்டரிலேயே வாங்கிக் கொடுத்தான். சென்னையிலிருந்து பாங்காக் போய் விமானம் மாறினேன். யாங்கோன் விமான நிலையத்திலிருந்து ஊர் நடுவே இருக்கும் லாட்ஜுக்கு டாக்சியில் ஒரு மணி நேரம், இருபத்தைந்தாயிரம் சாட் கொடுத்தேன். சாட் என்றால் அந்த ஊர்ப் பணம். பெரிய தொகையாகத் தெரியும், பயப்படாதீர்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டுக்காரரைச் சொந்தக்காரர் வீட்டில் இரவு தங்க விடமாட்டார்கள், லாட்ஜில்தான் தங்க வேண்டும். அக்கா எனக்காகப் புதுப் பாய் வாங்கி வைத்திருந்தாள். அதில் நான் மத்தியானம் மட்டும் படுத்து எழுந்தேன்.

வீடு தின்கன்ஜூனில். கிழக்கே இருக்கும் பகுதி, வாத்தியார்களும் குமாஸ்தாக்களும் கடைக்காரர்களும் குடியிருக்கும் இடம். அத்தான் பெயர் சண்முகம். தெருவில் "ஊ ஷான்" என்றால்தான் தெரியும். பெரியவர்களை ஊ என்றும், பெரிய பெண்களை டோ என்றும் அங்கே மரியாதையாகச் சொல்வார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. பழைய ஜப்பான் கார் ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் பிள்ளை மாதிரி எண்ணெய் தேய்க்கிறார் என்று அக்கா கிண்டல் செய்வாள்.

அத்தானுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. அக்கா கோயிலுக்குள் போனால் அவர் எதிரே மொஹிங்கா கடையில் உட்கார்ந்துவிடுவார். மொஹிங்கா என்பது மீன் குழம்பில் போட்ட அரிசி நூடுல்ஸ். காலை ஆறு மணிக்கே தெருவெல்லாம் மணக்கும், போனால் கட்டாயம் சாப்பிடுங்கள். கல்யாணமான நாளிலிருந்து அக்கா உள்ளே, அத்தான் மொஹிங்கா கடையில். இது அந்தத் தெருவுக்கே தெரிந்த கதை.

அப்படிப்பட்டவர், ஊரிலிருந்து நான் கிளம்பும் முன், ரகசியமாகப் போன் பண்ணி, "மச்சான், காவல் சாமிக்கு ஆயுதம் கொடுத்தா எப்படிக் கொண்டுபோவீங்க?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் கருப்பருக்குப் புது அரிவாள் அடித்தால், கொல்லன் பட்டறையிலிருந்து கோயில் வரைக்கும் சிவப்புத் துணியில் சுற்றி, மூன்று முடிச்சுப் போட்டு, யார் கண்ணும் படாமல்தான் கொண்டுபோவோம். வழியில் யார் பார்த்தாலும் அது சாமிக்கு ஆகாது. இதைச் சொன்னேன். "அப்ப வரும்போது ஒரு சிவப்புத் துணி எடுத்துட்டு வா. அக்காகிட்டச் சொல்லாதே" என்றார். அரிவாள் என்றுதான் நான் நினைத்தேன்.

போன மறுநாள் மத்தியானம், அக்கா மார்க்கெட் போன நேரம், கொல்லைப்புறம் கூட்டிப்போய்க் காட்டினார். கைத்துப்பாக்கி. யாராவது பார்க்கிறார்களா என்று வேலிப் பக்கம் திரும்பினேன். தொட்டுப் பார்த்தால் தேக்கு மரம். குதிரை, வளையம், பிடியில் கட்டம் கட்டமாகச் செதுக்கல், மேலே கறுப்புப் பாலிஷ்.

"எதைப் பார்த்து அத்தான் செதுக்கினீங்க?"

"டீக்கடையில பக்கத்து மேசைக்குப் போலீஸ்காரர் வருவாரு. அவரு இடுப்பைப் பார்த்துப் பார்த்துத்தான். ஒரு நாள் என்னையே சந்தேகமாப் பார்த்தாரு, டீயைக் குடிச்சிட்டு வந்துட்டேன்."

விஷயம் இதுதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாலாவில் ஒரு சின்ன முனீஸ்வரர் கோயில் இருக்கிறது. அந்தக் காலத்துத் துறைமுகக் காவல்காரர்கள் கட்டியது. அதனால் முனீஸ்வரருக்குப் பக்கத்தில் நிற்கும் காவலாளியும் தொப்பி வைத்த சிப்பாய்தான். கையில் மரத் துப்பாக்கி இருந்ததாம். கறையான் தின்று, கை வெறுமனே நீட்டிக்கொண்டு நிற்கிறது. அக்கா அந்தக் கோயிலுக்கு மாசம் தவறாமல் போகிறவள். அத்தான் வாசலில் நின்றே அந்தச் சிலையைப் பார்த்து, "உன்னையும் ரிட்டயர் பண்ணிட்டாங்களா?" என்று கேலி பண்ணுவாராம். அக்காவுக்குக் குரல் போன சமயம், தனியாகப் படகேறிப் போய் அதே சிப்பாய் முன்னால் நின்றிருக்கிறார். அவளுக்குக் குரலைக் கொடு, உனக்குத் துப்பாக்கியைக் கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாராம்.

"அக்காகிட்டச் சொன்னா என்ன அத்தான்?"

"சும்மா இருப்பாளா? தெருவுக்கே சொல்லுவா. எத்தனை வருஷம் கேலி பண்ணியிருக்கேன்? நீ கொண்டுவந்ததா இருக்கட்டும். உங்க ஊர் வேண்டுதல்னு சொல்லிடு." வெட்கத்தில் காது சிவந்திருந்தது அந்த மனிதருக்கு.

நானே துணியைச் சுற்றினேன். நானே மூன்று முடிச்சும் போட்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். அந்த மாசத்துப் பூஜைக்கென்று அக்கா பையோடு முன் சீட்டில். அந்த ஊரில் வண்டிகள் சாலையின் வலது பக்கம் போகின்றன, ஆனால் ஜப்பான் கார்கள் என்பதால் பாதிக்கு மேல் வண்டிகளில் ஸ்டியரிங்கும் வலது பக்கமே. முந்திப்போக வேண்டுமானால் பக்கத்தில் இருக்கிறவர் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அக்கா "போலாம்" என்றால் அத்தான் போவார், "இரு" என்றால் நிற்பார். குரல் இல்லாத காலத்தில் அவர் யாரையும் முந்தவே இல்லையாம். பொட்டலம் அத்தான் சீட்டுக்கு அடியில் இருந்தது.

தின்கன்ஜூனிலிருந்து ஆற்றங்கரை ஸ்ட்ராண்ட் ரோடு எட்டு ஒன்பது கிலோமீட்டர்தான். பாதி வழியில் சோதனை. சாலையில் தடுப்பு வைத்துப் போலீஸ்காரர்கள் ஒவ்வொரு வண்டியாக நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அத்தானின் பிடரியில் வேர்வை இறங்கியதைப் பின்னாலிருந்து பார்த்தேன். அப்போதுதான் எனக்கும் உறைத்தது, நாங்கள் எதை எதில் சுற்றி எங்கே வைத்திருக்கிறோம் என்று.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பண்ணையார் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பன்றி விரட்ட லைசென்ஸோடு ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார். தேர்தல் வந்தால் அதைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். தோளில் போட்டுக்கொண்டு, லைசென்ஸ் புத்தகத்தைச் சட்டைப்பையில் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு, பட்டப்பகலில் நடு ரோட்டில் போவார். மாட்டு வண்டியில் வைக்கோலுக்குள் வைத்தால் என்ன என்று கேட்டதற்கு, "மறைச்சா அது வேற துப்பாக்கிடா" என்றார். அன்றைக்குச் சிரித்தேன். ரங்கூன் ரோட்டில் அது ஞாபகம் வந்தது.

எங்களை இறங்கச் சொன்னார்கள். டிக்கியைப் பார்த்தார்கள். ஒருவர் சீட்டுக்கு அடியில் கை விட்டார். சிவப்புப் பொட்டலம் வெளியே வந்தது. முதல் முடிச்சு, இரண்டாவது, மூன்றாவது. துணி விலகியதும் அவர் பின்னால் ஒரு எட்டு வைத்தார். மற்றவர்கள் கையில் இருந்த துப்பாக்கியெல்லாம் எங்கள் பக்கம் திரும்பியது.

எங்களை மூன்று பேரையும் தனித்தனியாக நிற்க வைத்தார்கள். பேச்செல்லாம் பர்மிய மொழி. எனக்கு அப்போது முகங்கள்தான் தெரிந்தன. பிறகு படகில் அக்கா சொன்னதை வைத்துத்தான் தமிழில் எழுதுகிறேன்.

தலைமையில் இருந்தவர் நரைத்த மீசைக்காரர். அவர் கையில் வாங்கி எடை பார்த்தார், நகத்தால் சுரண்டினார். மரம் என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் முகம் இளகவில்லை.

"இது என்ன?"

அத்தான் சொன்னார், "பொம்மை, ஸயா. பேரனுக்கு." ஸயா என்றால் நம் ஊர் ஐயா மாதிரி.

மீசைக்காரர் நேராக நடந்து அக்காவிடம் வந்தார். "உங்க பேரன் எங்க இருக்கான் டோ?"

அக்காவுக்கு என்ன தெரியும்? "எங்களுக்குப் பிள்ளையே இல்லையே, ஸயா."

அவ்வளவுதான். எழுத ஒருவர் பலகையும் காகிதமும் எடுத்துவிட்டார். அத்தானின் கையைப் பின்னால் கொண்டுபோகச் சொன்னார்கள். அக்கா என்னைப் பார்த்தாள், அத்தானைப் பார்த்தாள். என் பாஸ்போர்ட் வேறு ஒருவர் கையில். பாய், லாட்ஜ், திரும்பும் டிக்கெட் எல்லாம் மறந்துபோனது. இந்த மனிதரை உள்ளே கொண்டுபோய்விட்டால், அக்கா திரும்பக் கிடைத்த குரலில் யாரிடம் பேசுவாள் என்பது மட்டும்தான் மனசில் ஓடியது.

மீசைக்காரர் கடைசியாகக் கேட்டார். "ரெண்டு பேரும் ரெண்டு சொல்றீங்க. உண்மையைச் சொல்லு ஊ. யாருக்கு இது?"

அத்தான் தரையைப் பார்த்தார். அப்புறம் சொல்லத் தொடங்கினார். டாலா கோயில், கறையான் தின்ற சிப்பாய், மழைக்காலத்தில் தனியாகப் படகேறிப் போனது.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து இவ என்னைத் திட்டிக்கிட்டே இருப்பா, ஸயா. காலையில எழுந்ததும் திட்டு, காபியோட திட்டு. ஆபரேசனுக்கு அப்புறம் வீடு சத்தமில்லாமப் போச்சு. பாத்திரம் விழுந்தாக்கூட நல்லா இருக்கும்போல ஆயிடுச்சு. அதான் போய்க் கேட்டேன்."

எனக்கு வார்த்தை புரியவில்லை. ஆனால் அக்காவின் முகம் திரும்பியதைப் பார்த்தேன். பூஜைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஏன் மறைச்சே?" என்றார் மீசைக்காரர்.

"சாமிக்குப் போற பொருள். அடுத்தவங்க கண்ணு படக்கூடாது. அது எங்க வழக்கம்."

அவருக்கு இது புரியவே இல்லை. பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தார். அந்த ஊரில் புத்தர் கோயிலுக்கு ஏதாவது கொடுப்பதென்றால், தலைக்கு மேலே தூக்கி, மேளத்தோடு ஊரெல்லாம் சுற்றித்தான் கொண்டுபோவார்கள். பார்க்கிறவர்கள் "தாடு, தாடு, தாடு" என்று மூன்று தடவை சொல்வார்கள். நீ செய்ததில் எனக்கும் சந்தோஷம் என்று அர்த்தம். பார்த்தவருக்கும் அந்தப் புண்ணியத்தில் பங்கு.

"நல்ல காரியத்தை யாராவது சீட்டுக்கு அடியில வைப்பாங்களா?" என்றார். "லைசென்ஸ் வச்சிருக்கிறவனே நிஜத் துப்பாக்கியையும் லைசென்ஸையும் முதல்ல காட்டிட்டுத்தான் பேசறான். மரமா இருந்தாலும் நிஜம் மாதிரி செஞ்சு ஒளிச்சு வச்சா, நான் உன்னை நிஜத் துப்பாக்கிக்காரனாத்தான் எழுதணும். எங்க ஆள் எவனாவது பயந்து சுட்டிருந்தா?"

அத்தான் தலையை ஆட்டினார்.

மீசைக்காரர் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அக்காவின் கன்னத்தைப் பார்த்தார். அங்கே பெண்கள் எல்லோரும் தனக்கா பூசுவார்கள், சந்தனம் மாதிரி மரத்தை அரைத்த மஞ்சள் விழுது. அக்காவும் இரண்டு கன்னத்திலும் வட்டமாகப் பூசியிருந்தாள். "இதுக்கும் கொஞ்சம் தனக்கா பூசிவிட்டா யாரும் பயப்படமாட்டாங்க" என்றார் சிரித்துக்கொண்டே.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அக்கா பூஜைப் பையைத் திறந்தாள். மஞ்சள் தூள் பொட்டலத்தைப் பிரித்து, தண்ணீர் பாட்டிலிலிருந்து உள்ளங்கையில் ஊற்றிக் குழைத்தாள். "கொடுங்க ஸயா" என்று கை நீட்டினாள். அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுக் கொடுத்தார்.

கார் முன்பக்கத்தில் வைத்துப் பூசினாள். குழல், பிடி, குதிரை, ஒரு இடம் விடவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி இருந்தது. அத்தானின் பிடரி, முதுகு எல்லாம் தேய்த்துப் பழகிய கை, அவர் செதுக்கிய கட்டங்களுக்குள்ளும் விரலை விட்டு விட்டுப் பூசியது. நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. ரியர் வியூ கண்ணாடியில் தொங்கிய மல்லிகைச் சரத்தைக் கழற்றிச் சுற்றினாள்.

"எத்தனை நாள் செதுக்கினீங்க?" என்று தமிழில் கேட்டாள். அத்தானிடம் அதுதான் முதல் வார்த்தை.

"ஆச்சு கொஞ்ச நாள்."

"கொல்லையில தேக்குத் தூளாக் கெடந்துச்சு. கார் கதவுக்கு ஏதோ செய்றீங்கன்னு கூட்டிப் பெருக்கினேன். பெரிய மனுசன்."

"திட்டுறியா?"

"திட்டாம?" என்றாள். குரல் உடைந்தது, ஆனால் போகவில்லை.

மீசைக்காரர் எல்லோருடைய பெயரையும் எழுதிக்கொண்டார். என் பாஸ்போர்ட்டைப் படம் எடுத்துக்கொண்டு கொடுத்தார். துப்பாக்கியைக் கண்ணாடிக்குக் கீழே, டேஷ்போர்டில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைக்கச் சொன்னார். இனிமேல் ஆயுதம் மாதிரி எதையும் கொண்டுபோவதானால் வார்டு ஆபீசில் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வரச் சொன்னார். வண்டி நகர்ந்தபோது அவர் கை கூப்பவில்லை, தொப்பியைக்கூடத் தொடவில்லை. மெதுவாக "தாடு, தாடு, தாடு" என்று மட்டும் சொன்னார். பக்கத்தில் நின்றவர்களும் சொன்னார்கள்.

போட்டாதாங் பக்கம், ஸ்ட்ராண்ட் ரோட்டில் அத்தானுக்குத் தெரிந்தவர் கிடங்கு வாசலில் காரை விட்டோம். பான்சோடான் படித்துறையிலிருந்து டாலாவுக்குப் படகு. எனக்கு மட்டும் வெளிநாட்டுக் கட்டணம், பாஸ்போர்ட் கேட்டார்கள், மறக்காமல் எடுத்துப்போங்கள். பத்து நிமிஷத்தில் அக்கரை. தை மாசத்தில் படகைச் சுற்றிக் கடற்காகங்கள் வெள்ளை வெள்ளையாகப் பறக்கும், ஆட்கள் பொரி வாங்கி வீசுவார்கள். அக்கா மடியில் மஞ்சள் துப்பாக்கியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்த்தவர்கள் கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். அத்தான் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார், காது மட்டும் சிவப்பு.

அக்கரையில் சைக்கா, நம் ஊர் ரிக்‌ஷா மாதிரி, சைக்கிளோடு ஒட்டின இரண்டு சீட். இரண்டு பிடித்தோம், ஒன்றுக்கு நாலாயிரம் சாட். கோயில் கால் மணி நேரத்தில் வந்தது. தகரக் கூரை, வேப்பமரம், எதிரே ஒரு மொஹிங்கா கடை. அத்தானின் கால் பழக்கத்தில் அந்தப் பக்கம் திரும்பியது. அக்கா கையைப் பிடித்துக் கோயில் பக்கம் திருப்பினாள். அவரும் வந்தார்.

சிப்பாயின் கையில் அவரே பொருத்தினார். அளவு சரியாக இருந்தது. மஞ்சள் துப்பாக்கியோடு நின்ற சிப்பாயைப் பார்த்தால், யாரையும் சுடப்போகிறவன் மாதிரித் தெரியவில்லை, கல்யாண வீட்டுக்கு வந்தவன் மாதிரி இருந்தான். "இப்ப ரிட்டயர் இல்லையே?" என்று அத்தான் அவனிடம் கேட்டார். அக்கா சிரித்தாள், உமியில் காற்று அடித்த சத்தத்தில்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். அந்த ஊரில் அனுமதி இல்லாமல் துப்பாக்கி, தோட்டா எதுவும் வண்டியில் இருந்தால் சிறைதான். நிஜம் மாதிரி இருக்கும் பொம்மையையும் விடமாட்டார்கள். வண்டி உங்களுடையது இல்லையென்றாலும் உள்ளே இருக்கும் எல்லோரையும் விசாரிப்பார்கள். சட்டம் அடிக்கடி மாறுகிறது, நான் கேட்டதைச் சொல்கிறேன், நீங்கள் போகும்போது உள்ளூர்க்காரரிடம் மறுபடி கேளுங்கள். கோயிலுக்கு அரிவாள், வேல் ஏதாவது கொண்டுபோவதாக இருந்தால் சுற்றாதீர்கள், மறைக்காதீர்கள், முதல் கேள்விக்கே உண்மையைச் சொல்லுங்கள். நகரத்துக்குள்ளேயே எங்கே அமைதி, எங்கே பிரச்சினை என்று விசாரித்துவிட்டு, பகலிலேயே போய்ப் பகலிலேயே திரும்புங்கள்.

ஊருக்கு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் படம் அனுப்பியிருந்தார். கார் டேஷ்போர்டில் துப்பாக்கி வடிவத்தில் மஞ்சள் கறை. இன்னும் துடைக்கவில்லையா என்று கேட்டேன்.

"உங்க அக்கா விடமாட்டேங்கிறா, மச்சான். எங்க நிறுத்தினாலும் அது என்ன கறைன்னு கேக்கிறாங்க. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவளே கண்ணாடியை இறக்கி, 'என் வீட்டுக்காரர் எனக்காக வேண்டிக்கிட்டது'ன்னு ஆரம்பிச்சு, முழுக்கதையும் சொல்லிட்டுத்தான் விடுறா. பின்னாடி வண்டியெல்லாம் ஹாரன் அடிக்கிறான்."

"உங்களுக்குக் கூச்சமா இல்லையா அத்தான்?"

"இருக்கு," என்றார். "நான் நேராப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பேன். அவ சொல்லி முடிக்கட்டும்னு."